ஐ.வி. (இண்டஸ்ட்ரியல் விசிட்) பேருந்தில் பொறுப்பு யாருடையது?

2014 ஜூன் 8, ஞாயிறு மாலை. ஐதராபாத்தின் வி.என்.ஆர். விஞ்ஞான ஜோதி பொறியியல் கல்லூரியிலிருந்து கிளம்பிய மாணவர்கள், இமாசலப் பிரதேசத்தில் மணாலிக்குப் போகும் வழியில், மண்டி மாவட்டம் தலோட் பக்கத்தில் இறங்கி பியாஸ் ஆற்றுக்குள் நடந்தார்கள். ஆற்றில் உருண்டை உருண்டையாகப் பாறைகள். அவற்றின்மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, மேலே 126 மெகாவாட் லார்ஜி நீர்மின் திட்டத்தின் அணை மதகுகள் திறக்கப்பட்டன. 24 மாணவர்களும், கூட வந்த சுற்றுலா அமைப்பாளர் ஒருவரும் அடித்துச் செல்லப்பட்டார்கள். உடல்களைத் தேடும் பணி வாரக்கணக்கில் நடந்தது.

இமாசலப் பிரதேச உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. 2016 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. இறந்த ஒவ்வொரு மாணவரின் பெற்றோருக்கும் 20 லட்சம் ரூபாய், அதற்கு வட்டி. அந்தத் தொகையில் 60 சதவீதம் மாநில மின்வாரியம், 30 சதவீதம் கல்லூரி, 10 சதவீதம் மாநில அரசு தர வேண்டும்.

மின்வாரியத்தின் 60 எல்லோருக்கும் புரிந்தது. கல்லூரியின் 30தான் பலருக்குப் புரியவில்லை. மதகைத் திறந்தது கல்லூரி இல்லை. மாணவர்களில் பெரும்பாலோர் 18 வயதைத் தாண்டியவர்கள், வாக்குரிமை உள்ளவர்கள். ஆற்றில் இறங்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. வழக்கமாகப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கல்லூரிகள் பயணம் கூட்டிப்போகின்றன. பிறகு எப்படிப் பொறுப்பு வரும்? ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் ஆசிரியர் அறைகளில் இதே கேள்வி எழுகிறது. பதிலைப் புரிந்துகொள்ள அடிப்படையிலிருந்து வர வேண்டும்.

எது கல்லூரிப் பயணம்?

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இதற்குப் பல பெயர்கள் உண்டு. தொழிற்சாலையைப் பார்க்கப் போவது இண்டஸ்ட்ரியல் விசிட், சுருக்கமாக ஐ.வி. சிவில் துறைக்கு சர்வே கேம்ப். நிலவியல், தாவரவியல், தொல்லியல் துறைகளுக்குக் களப்பயணம். நாட்டு நலப்பணித் திட்டத்துக்கு ஏழு நாள் முகாம். இறுதியாண்டில் டூர். நடைமுறையில் ஐ.வி.க்கும் டூருக்கும் நடுவில் உள்ள கோடு மிக மெல்லியது. காலையில் ஒரு தொழிற்சாலையில் இரண்டு மணி நேரம், அடுத்த மூன்று நாள் மூணாறும் கொச்சியும் என்றுதான் பல நிகழ்ச்சி நிரல்கள் இருக்கின்றன.

சட்டம் பெயரைப் பார்ப்பதில்லை, கட்டுப்பாடு யாரிடம் இருந்தது என்று பார்க்கிறது. துறையிலிருந்து சுற்றறிக்கை போனதா? பணம் கல்லூரி வழியாகவோ ஆசிரியர் வழியாகவோ வசூலானதா? அந்த நாள்களுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி வருகைப்பதிவு) கொடுத்தார்களா? கூட ஆசிரியர் போனாரா? இவற்றில் ஒன்றிரண்டுக்கு ஆம் என்று பதில் வந்தாலும், நிரலில் இல்லாத வழியோர நிறுத்தம் உட்பட முழுப் பயணமும் கல்லூரியின் பயணம்தான் என்று வாதிட வலுவான அடிப்படை இருக்கிறது. நிரலில் இல்லாத இடத்தில்தான் பெரும்பாலும் ஆபத்து வருகிறது என்பதால் இது முக்கியம். தொழிற்சாலைக்குள் ஹெல்மெட் கொடுத்து, மஞ்சள் கோட்டுக்குள் நடக்கச் சொல்லி, ஒரு பொறியாளரைக் கூடவே அனுப்புகிறார்கள். அங்கிருந்து கிளம்பிய பிறகு வரும் ஆற்றங்கரைக்கு அப்படி யாரும் இல்லை.

அலட்சியம் என்று நிரூபிக்க நான்கு கேள்விகள்

விபத்து நடந்தாலே பொறுப்பு வந்துவிடாது. இழப்பீடு கேட்பவர், அலட்சியம் இருந்தது என்று காட்ட வேண்டும். நீதிமன்றம் அதை நான்கு படிகளாகப் பார்க்கும்.

1. கவனக் கடமை இருந்ததா? ஒருவரின் செயலாலோ செயலின்மையாலோ இன்னொருவருக்குக் கேடு வரலாம் என்று முன்பே ஊகிக்க முடிகிற உறவு இருந்தால், நியாயமான கவனம் எடுக்கும் கடமை பிறக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் ஆசிரியர் பெற்றோர் இடத்தில் நிற்கிறார், அதனால் கடமை கனமானது. கல்லூரி மாணவர்கள் விஷயத்தில் அவ்வளவு கனமில்லை என்றாலும் கடமை இல்லாமல் போவதில்லை. ஊர் தெரியாதவர்களை ஊர் தெரியாத இடத்துக்குக் கூட்டிப்போகிற அமைப்பு கல்லூரி. எங்கே போவது, எப்போது கிளம்புவது, எந்த வண்டி என்பதையெல்லாம் முடிவு செய்ததும் கல்லூரி.

2. அந்தக் கடமை மீறப்பட்டதா? அதே இடத்தில் விவரமுள்ள ஒரு பொறுப்பாளர் என்ன செய்திருப்பார் என்பதுதான் அளவுகோல். எல்லாம் தெரிந்த மகானை வைத்து அளப்பதில்லை, சாதாரணமாகக் கவனமுள்ள ஆளை வைத்துத்தான் அளக்கிறார்கள்.

3. மீறலுக்கும் நடந்ததற்கும் தொடர்பு உண்டா? முதலுதவிப் பெட்டி எடுத்துப்போகாதது தவறுதான். ஆனால் பேருந்து மோதி அந்த இடத்திலேயே உயிர் போயிருந்தால், அந்தத் தவறு மரணத்துக்குக் காரணம் ஆகாது.

4. என்ன இழப்பு? உயிர், உடல் ஊனம், மருத்துவச் செலவு, வருங்கால வருமானம்.

இரண்டாவது கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. லார்ஜியை வைத்துப் பார்ப்போம்.

அது ஓடும் ஆற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டம். மேட்டூர் போல மாதக்கணக்கில் தேக்கி வைக்கும் பெரிய அணை இல்லை. சிறிய தேக்கம், அதிலிருந்து சுரங்கம் வழியாக டர்பைனுக்குத் தண்ணீர் போகும். மின்சாரம் எடுக்கும் வரை ஆற்றின் தண்ணீரில் பெரும்பகுதி சுரங்கத்துக்குள் போய்விடுவதால், அணைக்கு உடனே கீழே உள்ள ஆறு இளைத்துப் பாறைகள் தெரியும். பார்ப்பவருக்கு அது கோடைக்கால ஆறு, பாதுகாப்பான இடம். மின்னுற்பத்தியைக் குறைத்தால் சுரங்கத்துக்குள் போகும் தண்ணீர் குறையும். மேலிருந்து வரும் பனியுருகிய நீரோ குறையாது. தேக்கத்தில் இடம் இல்லாததால் மதகைத் திறந்தாக வேண்டும். அப்படித் திறந்த தண்ணீர் நிமிடங்களில் கீழே வந்துவிடும். பாறையில் நிற்பவர் சத்தத்தைக் கேட்டுத் திரும்பும்போது அவருக்கும் கரைக்கும் நடுவே ஆறு வந்திருக்கும்.

மேட்டுப்பாளையத்தில் பவானிக் கரையில் வாழ்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பில்லூர் அணையில் தண்ணீர் விட்டால் ஆறு சட்டென்று ஏறும் என்று அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெளியூரிலிருந்து குளிக்க வந்து சிக்கிக்கொள்பவர்களுக்குத்தான் தெரிவதில்லை. உள்ளூரில் டீக்கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும் ஆபத்தை, சட்டம் ‘முன்கூட்டி ஊகிக்கக்கூடியது’ என்ற வகையில்தான் வைக்கும். கோடையில் இமயமலை ஆற்றுப் பாதையில் நாற்பது ஐம்பது பேரைக் கூட்டிப்போகிற அமைப்பு, அந்தப் பாதையில் அணைகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்திருக்க வேண்டும் என எதிர்பார்ப்பது அதிகம் இல்லை.

வளர்ந்தவர்கள் தாங்களாகவே இறங்கினார்களே என்ற வாதத்துக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. ஆபத்தைத் தெரிந்துகொண்டு ஏற்றால்தான் அது தானாக ஏற்ற ஆபத்து. அணைக்குக் கீழே நிற்கிறோம் என்பதே தெரியாதவர் எதை ஏற்றார்? மாணவர் பக்கத்திலும் கவனக்குறைவு இருந்தால் நீதிமன்றங்கள் இழப்பீட்டைக் குறைப்பது உண்டு. எச்சரித்ததற்கு எந்தத் தடயமும் இல்லாத கல்லூரிக்கு அந்த வாதம் அதிகம் உதவாது.

பெற்றோர் கையெழுத்திட்ட தாள்

எல்லாக் கல்லூரியிலும் ஒரே மாதிரித் தாள்தான். ‘என் மகன் / மகள் மேற்படி சுற்றுலாவில் கலந்துகொள்ளச் சம்மதிக்கிறேன். பயணத்தின்போது ஏற்படும் எந்த அசம்பாவிதத்துக்கும் கல்லூரி நிர்வாகமோ ஆசிரியர்களோ பொறுப்பல்ல என்று உறுதி கூறுகிறேன்.’ கீழே பெற்றோர் கையெழுத்து. அது நிஜமாகவே அப்பாவின் கையெழுத்துதானா அல்லது விடுதி அறையில் நண்பன் போட்டதா என்பதைப் பல துறைகள் சரிபார்ப்பதே இல்லை.

இந்தத் தாளை நம்பிப் பயணம் போகும் ஆசிரியர்களை நினைத்தால் உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. அது அவர்களைக் காப்பாற்றாது. காரணங்கள் மூன்று.

முதலாவது, உயிரையும் உடலையும் பற்றிய கவனக் கடமையை ஒரே வாக்கியத்தில் கைகழுவும் ஒப்பந்தம் பொதுநலக் கொள்கைக்கு விரோதமானது என்று சொல்ல இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இடம் தருகிறது. இங்கிலாந்தில் 1977ஆம் ஆண்டுச் சட்டமே இதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டது: வணிக நிறுவனங்களைப் பொறுத்தவரை, அலட்சியத்தால் வரும் மரணத்துக்கும் காயத்துக்கும் ஆன பொறுப்பை எந்த ஒப்பந்த வாசகத்தாலும் விலக்கிக்கொள்ள முடியாது. நம்மிடம் அவ்வளவு நேரடியான சட்டம் இல்லை. அதை வைத்து இங்கே தாள் செல்லும் என்று கணக்குப் போடுவது தவறு.

இரண்டாவது, 18 வயது நிரம்பிய மாணவரின் உரிமையை அப்பா எழுதிக் கொடுக்க முடியாது. முதலாண்டில் இன்னும் 17 வயதில் இருப்பவரோ ஒப்பந்தமே செய்துகொள்ள முடியாதவர்.

மூன்றாவது, குற்றவியல் வழக்கு அரசு தொடுப்பது. பெற்றோர் எழுதிக் கொடுத்ததால் காவல்துறை வழக்குப் பதியாமல் இருக்காது.

தாள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் வேலை வேறு. எங்கே போகிறோம், என்ன செய்வோம், என்ன ஆபத்து உண்டு என்று பெற்றோருக்கும் மாணவருக்கும் சொன்னதற்கு அது சாட்சி. மாணவருக்கு வலிப்பு உண்டா, ஆஸ்துமா உண்டா, எந்த மருந்து ஒவ்வாது, நீந்தத் தெரியுமா, இரவு இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற தகவல்களை வாங்கும் இடமும் அதுதான். ‘பொறுப்பல்ல’ என்ற வரியை எடுத்துவிட்டு அங்கே இந்தக் கேள்விகளைப் போட்டால் தாளுக்கு உயிர் வரும்.

யார் மீது, எந்த வழக்கு?

ஒரே விபத்திலிருந்து நான்கு தனித்தனிப் பாதைகள் கிளம்பும். செய்திகளில் இவற்றைக் கலந்து எழுதுவதால்தான் குழப்பம்.

1. குற்ற வழக்கு. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவு, அதிகபட்சம் 2 ஆண்டு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு, அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் 5 ஆண்டு வரை சிறை. இது தனிமனிதர் மீது வருவது. நிர்வாகத்துக்குப் பதிலாக, கூடப் போன உதவிப் பேராசிரியரின் பெயர் முதல் தகவல் அறிக்கையில் ஏறும்.

2. உயர்நீதிமன்ற ரிட் மனு, அல்லது சிவில் வழக்கு. 1995 மே 28 அன்று பஞ்சாபில் பதான்கோட் பக்கத்தில் ஒரு பள்ளி கூட்டிப்போன பிக்னிக்கில் 14 பிள்ளைகள் மூழ்கி இறந்தார்கள். அதுவும் பியாஸ் ஆறுதான். ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 லட்சம் தர வேண்டும் என்ற உயர்நீதிமன்ற உத்தரவை 2001இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. ஆசிரியரின் அலட்சியத்துக்கு அவரை வேலைக்கு வைத்த பள்ளி பதில் சொல்ல வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். லார்ஜி வழக்கும் இந்தப் பாதையில் வந்ததுதான்.

3. மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம். சாலை விபத்து என்றால் இங்கே போக வேண்டும். தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் கேட்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவு வழி செய்கிறது. அதற்கு மேல் வேண்டுமென்றால் 166ஆம் பிரிவின் கீழ் ஓட்டுநரின் தவறைக் காட்ட வேண்டும்.

4. நுகர்வோர் ஆணையம். இந்த வழி இப்போது தெளிவாக இல்லை. 2006இல் பெங்களூருவின் ஒரு பள்ளி வட இந்தியச் சுற்றுலா கூட்டிப்போன இடத்தில், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவருக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. உரிய நேரத்தில் சிகிச்சைக்குக் கொண்டுபோகவில்லை. அந்தப் பெண் வாழ்நாள் முழுவதும் படுக்கையோடு வாழ வேண்டியதாயிற்று. மாநில ஆணையம் 88.73 லட்சம் கொடுக்கச் சொன்னது, தேசிய ஆணையம் 50 லட்சமாகக் குறைத்தது, 2021இல் உச்சநீதிமன்றம் மறுபடியும் 88.73 லட்சமாக்கியது. இதற்கிடையில் 2020 ஜனவரியில், சேலத்தைச் சேர்ந்த விநாயகா மிஷன் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில், தேசிய ஆணையத்தின் பெரிய அமர்வு வேறு மாதிரி சொன்னது: கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது, அவை நடத்தும் சுற்றுலா, பிக்னிக், நீச்சல்கூட வராது. இதை எதிர்த்த மேல்முறையீட்டை உச்சநீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது.

பெங்களூரு வழக்கில் ஆறும் இல்லை, பேருந்து மோதலும் இல்லை. ஒரு காய்ச்சல். களப்பயண ஆபத்து என்றதும் மலை உச்சியையும் வெள்ளத்தையும் நினைக்கிறோம். ‘ராத்திரி மாத்திரை போட்டுப் படு, காலையில பாக்கலாம்’ என்று சொல்லிவிட்டுப் போவதும் அதே அளவு ஆபத்தான முடிவு. மாணவருக்கு உடம்பு சரியில்லை என்றால் ஓர் ஆசிரியர் அவரோடு மருத்துவமனைக்குப் போக வேண்டும், இன்னோர் ஆசிரியர் குழுவோடு இருக்க வேண்டும். ஒற்றை ஆசிரியரை அனுப்பும் பயணத்தில் இது நடக்கவே நடக்காது. இரண்டு ஆசிரியர் வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு 2015இல் வளாகத்துக்கு உள்ளும் வெளியும் மாணவர் பாதுகாப்பு பற்றி வழிகாட்டுதல் வெளியிட்டது. வழிகாட்டுதல் சட்டம் ஆகாது என்று அதைக் கோப்பில் வைத்துவிடுகிறார்கள். விவரமுள்ள பொறுப்பாளர் என்ன செய்திருப்பார் என்று நீதிபதி தேடும்போது, முதலில் கையில் எடுப்பது இப்படிப்பட்ட ஆவணத்தைத்தான்.

வண்டி

2022 அக்டோபர் 5 இரவு, எர்ணாகுளம் மாவட்டப் பள்ளி ஒன்றிலிருந்து ஊட்டிக்குக் கிளம்பிய சுற்றுலாப் பேருந்து, பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரி அருகே அரசுப் பேருந்தின் பின்னால் மோதியது. 9 பேர் இறந்தார்கள். மோதும்போது வேகம் மணிக்கு 97.7 கிலோமீட்டர். ஓட்டுநர் வேளாங்கண்ணிப் பயணம் முடித்து வந்த கையோடு இந்தப் பயணத்துக்கு வண்டியை எடுத்தார் என்று அப்போதே செய்திகள் வந்தன.

இரவு கிளம்பி விடியற்காலை ஊர் சேர்ந்தால் ஒரு நாள் அறை வாடகை மிச்சம். கல்லூரிப் பயணங்கள் இரவில் கிளம்புவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். நாற்பது பேருக்கு ஓர் இரவு அறை வாடகையைச் சேமிக்க, தூங்காத ஓட்டுநரின் கையில் நாற்பது பேரைக் கொடுக்கிறோம். தொழிலாளர் சட்டம் ஓட்டுநருக்கு நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்கிறது. வண்டி பேசும்போதே ‘நேத்து எங்க ஓட்டிட்டு வர்றீங்கண்ணே?’ என்று ஓட்டுநரிடம் நேரில் கேட்க வேண்டும். டிராவல்ஸ் அலுவலகத்தில் கேட்டால் வேறு பதில் வரும்.

வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுப்பது இன்னொரு கண்ணி. மாணவர் ஒருவரின் மாமாவுக்கு வேன் இருக்கிறது, விலை குறைவு என்று எடுப்பார்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியில் கட்டணம் வாங்கி ஆள் ஏற்றினால் காப்பீட்டு நிபந்தனை மீறல், நிறுவனம் கையை விரிக்க அது போதும். மஞ்சள் போர்டு, பர்மிட், எஃப்.சி., காப்பீடு நான்கையும் தேதியோடு பார்த்து நகல் வைத்துக்கொள்வதற்கு பத்து நிமிடம்தான் ஆகும்.

தண்ணீர் என்றால் தனிக் கணக்கு

2016 பிப்ரவரி 1 அன்று புனே கல்லூரி ஒன்றின் 14 மாணவர்கள் மகாராஷ்டிரத்தின் முருட் கடற்கரையில் மூழ்கி இறந்தார்கள். 2024 ஜனவரி 18 அன்று வதோதராவின் ஹர்ணி ஏரியில் அளவுக்கு மீறி ஏற்றிய படகு கவிழ்ந்து 12 பள்ளிப் பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். உயிர்க்கவசச் சட்டை எல்லோருக்கும் இல்லை.

தண்ணீரை மற்ற ஆபத்துகளோடு ஒரே பட்டியலில் போடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. கால் சறுக்கினால் எலும்பு முறியும், வெயில் அடித்தால் மயக்கம் வரும், இரண்டுக்கும் சிகிச்சைக்கு நேரம் இருக்கிறது. தண்ணீரில் நேரம் இல்லை. ஒருவர் மூழ்கும்போது காப்பாற்றக் குதிக்கும் நண்பர்களும் சேர்ந்து போய்விடுவதால் ஒரு மரணம் நான்காகிறது. ஆகவே பாடத்துக்குத் தேவை இல்லாத எந்தத் தண்ணீரிலும் கால் வைக்கக்கூடாது என்பதே விதியாக இருக்க வேண்டும். கடல் உயிரியல் வகுப்புக்குத் தண்ணீரில் இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் உள்ளூர் மீனவர் ஒருவரைச் சம்பளம் கொடுத்துக் கூட வைத்துக்கொண்டு, ஓதம் இறங்கும் நேரம் பார்த்து, கயிறோடு இறங்கலாம்.

ஆபத்து மதிப்பீடு: காரை மண்ணில் ஒரு நாள்

‘ரிஸ்க் அசெஸ்மென்ட்’ என்ற பெயரில் பல துறைகள் நிரப்பும் படிவத்தில் ‘மாணவர்கள் எச்சரிக்கையாக இருக்க அறிவுறுத்தப்பட்டனர்’ என்ற ஒரே வரி எல்லாக் கட்டத்திலும் இருக்கும். உண்மையான மதிப்பீடு அந்த ஊரின் மண்வாசனையோடு இருக்கும்.

பெரம்பலூர் மாவட்டம் காரைக்கு இந்தியா முழுவதிலுமிருந்து நிலவியல் மாணவர்கள் வருகிறார்கள். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்த களிமண், மழையில் அரித்து ஓடை ஓடையாகப் பிளந்து கிடக்கிறது. ஜிப்சம் தகடுகள் வெயிலில் பளபளக்கும். குனிந்து தேடினால் துப்பாக்கித் தோட்டா போன்ற பெலம்னைட் புதைபடிவம் கிடைக்கும். ஒரு மரம் கிடையாது. அங்கே போகும் துறை எழுத வேண்டியது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

வெயில். நிழல் அறவே இல்லை. காலை ஆறரைக்குக் களத்தில் இறங்கி பத்தரைக்குள் வண்டிக்குத் திரும்ப வேண்டும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், தொப்பி கட்டாயம். தலை சுற்றுகிறது என்று ஒருவர் சொன்னால் அந்தக் குழு முழுவதும் திரும்பும்.

ஓடை விளிம்பு. காய்ந்த களிமண் மேலே கெட்டியாகத் தெரிந்து அடியில் அரித்திருக்கும். விளிம்பிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நில். முந்தைய நாள் மழை பெய்திருந்தால் பயணம் இல்லை.

பாம்பு. முழுக் காலணி, கையை விடும் முன் சுத்தியலால் தட்டிப் பார். கடித்தால் கீறுவதோ கட்டுப்போடுவதோ கூடாது, அசைக்காமல் நேராக பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கு. விஷமுறிவு மருந்து இருப்பில் உள்ளதா என்று முதல் நாளே போனில் கேட்டு, பேசியவர் பெயரைக் குறித்துக்கொள்.

சுண்ணாம்புக்கல் சுரங்கம். அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகளின் சுரங்கத்துக்குள் போவதானால் எழுத்து அனுமதி, வெடிவைக்கும் நேரம், ஹெல்மெட். உள்ளே சுரங்க மேலாளரின் ஆள் சொல்வதுதான் கடைசி வார்த்தை, பேராசிரியர் சொல்வது இல்லை.

ஆள் எண்ணிக்கை. இறங்கும்போது, கிளம்பும்போது, வழியில் எங்கே நின்றாலும். ‘எல்லாரும் வந்தாச்சா?’ என்று கேட்டு ‘வந்தாச்சு சார்’ என்று வரும் சத்தத்தை நம்பாமல் பெயர் சொல்லி எண்ண வேண்டும்.

இதை ஒரே தாளில் எழுதி, கிளம்பும் முன் மாணவர்களிடம் வாசித்துக் காட்டி, வாசித்த தேதியோடு கையெழுத்து வாங்கினால், பெற்றோர் தாளைவிடப் பல மடங்கு வலுவான ஆவணம் அது. காடு என்றால் வனத்துறை அனுமதியும் அதில் சொன்ன பாதையும் சேரும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறியவர்கள் சிக்கி 23 பேர் இறந்த பிறகு, அரசு அதே ஆண்டில் மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. தீ எரியும் மாதங்களில் தாவரவியல் பயணம் வைக்காமல் இருப்பது எந்த விதியும் இல்லாமலே செய்யக்கூடியது.

காப்பீடு

இரண்டு வகையைக் குழப்பிக்கொள்கிறார்கள். குழு விபத்துக் காப்பீடு, யார் தவறு என்று கேட்காமல் மாணவரின் குடும்பத்துக்கு முன்பே குறித்த தொகையைத் தரும். பொறுப்புக் காப்பீடு, கல்லூரி சட்டப்படி கட்ட வேண்டி வரும் இழப்பீட்டைக் கல்லூரிக்காகக் கட்டும். முதலாவது இருந்தால் இரண்டாவது தேவையில்லை என்பது தவறு. 1991ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் ஆபத்தான ரசாயனங்களைக் கையாளும் நிறுவனங்களுக்கானது, இதோடு சம்பந்தமில்லை. எந்தப் பாலிசி எடுத்தாலும் விலக்குகள் பக்கத்தைப் படிக்க வேண்டும். பாராகிளைடிங், ரிவர் ராஃப்டிங் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

‘அஞ்சே நிமிஷம் சார்’

பயணத்தையே நிறுத்திவிடுவது நிர்வாகங்களுக்கு எளிய வழி. அப்படி நிறுத்திய இடங்களில் மாணவர்கள் ஆசிரியர் இல்லாமல், பர்மிட் இல்லாத வேனில், அதே ஆற்றுக்குப் போகிறார்கள். பாறையைத் தொடாத நிலவியல் பட்டதாரியும், தியோடலைட் என்ற அளவைக் கருவியை வெயிலில் நிறுத்திப் பார்க்காத சிவில் பொறியாளரும் படிப்பை முடித்தவர்கள் இல்லை. பயணம் வேண்டும்.

ஆகக் கடைசியில் எல்லாம் ஒரு பேருந்துக்குள் வந்து நிற்கிறது. மாலை ஐந்தே முக்கால். வலது பக்கம் ஆறு தெரிகிறது. பின் சீட்டிலிருந்து, ‘சார், அஞ்சே நிமிஷம் சார், ஒரே ஒரு போட்டோ, ஓடி வந்துடறோம் சார்.’ ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கிறார், அவருக்கும் டீ வேண்டும். டிராவல்ஸ் ஆள் சிரித்துக்கொண்டே, ‘எல்லாக் காலேஜும் இங்க நிறுத்துவாங்க சார்’ என்கிறார். முன் சீட்டில் இருப்பவர் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமான உதவிப் பேராசிரியர். மூத்தவர்கள் குடும்பக் காரணம் சொல்லி விலகிக்கொண்டதால் இவரை அனுப்பினார்கள். வண்டியை நிறுத்தாதே என்று சொல்ல அவருக்கு அதிகாரம் இருக்கிறது என்று யாரும் அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை. நிறுத்தாவிட்டால் மாணவர்கள் முகம் சுளிப்பார்கள், துறைத்தலைவரிடம் புகார் போகும். நிறுத்தி ஏதாவது நடந்தால் 106ஆம் பிரிவு அவர் பெயரில் வரும்.

அந்த அதிகாரத்தை எழுத்தில் கொடுக்க வேண்டியவர் கல்லூரி முதல்வர். பயண உத்தரவில் மூன்று வரிகள் சேர்த்தால் போதும்: ‘நிரலில் இல்லாத எந்த இடத்திலும் மாணவர்களை இறக்குவதில்லை, உணவுக்கும் கழிப்பறைக்கும் தவிர. வானிலை, வண்டி, நேரம், மாணவர் உடல்நிலை இவற்றில் எது சரியில்லை என்றாலும் பயணத்தை இடையில் முடித்துத் திரும்பும் முழு அதிகாரம் உடன் செல்லும் ஆசிரியருக்கு உண்டு. அதனால் வரும் பணநட்டத்தை நிர்வாகம் ஏற்கும்.’ ஒரு நகல் ஆசிரியரின் பையில். ஒன்று டிராவல்ஸ் ஒப்பந்தத்தோடு. இன்னொன்று, தமிழில் கொட்டை எழுத்தில், ஓட்டுநர் கண்ணாடிக்கு மேலே.